வண்டிக்கு நோகாமல் ஒரு பந்தல்

கதிர்காமத்து ஆடி விழாக் காலம் நெருங்கியதும், பதுளை, பசறை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் எங்கும் ஒரே பேச்சாயிருக்கும்: "வான் பேசியாயிற்றா?" மூன்று குடும்பங்கள் கூடி ஒரு வண்டியை அமர்த்திக்கொள்வது வழக்கம். அரிசி, பாத்திரம், பாய், தலையணை, கிழவிக்கு ஒரு நாற்காலி, குழந்தைக்கு ஒரு தொட்டில் சேலை, எல்லாவற்றிற்கும் மேலாக மடித்து வைத்த ஒரு நீலப் படங்கு. மூன்று நாட்களுக்கு அந்த வண்டியே வீடு.

மேனாட்டார் இத்தகைய வீட்டு வண்டியைக் 'கேம்பர்வேன்' என்கின்றனர். ஜெர்மனியில் 1950ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் நிறுவனம் பெட்டி போன்ற வான் வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அவ்வண்டியினுள் படுக்கையும் அலமாரியும் அமைத்து, சக்கரத்தின்மேல் ஒரு வீட்டை ஆக்கிவிட்டது. அத்தகைய வண்டிகளின் பக்கத்தில் விரித்துச் சுருட்டக்கூடிய பந்தலைத் திருகாணி கொண்டு பூட்டுவதும் உண்டு. நம் யாத்திரை வண்டிக்கும் அப்படியொரு நிழல் வேண்டும். ஆனால் ஆணியும் அடிக்கலாகாது, துளையும் இடலாகாது. ஏனெனில் வண்டி நம்முடையது அன்று.

வார நாட்களில் அதே வண்டி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றது. அதன் உரிமையாளர் மாதந்தோறும் தவணைப் பணம் கட்டுகின்றார். கூரைத் தகட்டில் ஒரு சிறு துளை விழுந்தால், அங்கே வண்ணப்பூச்சு விலகி, ஈரம் புகுந்து, துரு பரவும். நமது மூன்று நாள் நிழலுக்காக மற்றொருவருடைய பிழைப்பில் ஓட்டை போடுவது முறையாகுமா?

நாம் செய்த பிழை

இதை நாம் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் மாணிக்க கங்கைக்கு அண்மையில் வண்டியை நிறுத்தி, படங்கின் ஒரு முனையைப் பக்கக் கண்ணாடியிலும், மற்றொன்றைப் பின்கதவுக் கைபிடியிலும் இறுகக் கட்டினோம். எதிர்முனைகளுக்கு இரண்டு கம்புகள். அம்மா அதன் கீழ் மகிழ்ச்சியோடு அமர்ந்தார். மாலையில் ஒரு காற்று எழுந்தது. படங்கு பாய்மரம்போல் உப்பியது. 'படார்' என்றோர் ஓசை கேட்டது. பக்கக் கண்ணாடி முறிந்து நிலத்தில் கிடந்தது.

சாரதி நம்மிடம் முன்னர் கல்வி பயின்றவர். "பரவாயில்லை, சேர்" என்று மட்டும் சொல்லி, கண்ணாடித் துண்டுகளைக் குழந்தைகளின் காலிற் படாதவாறு ஒரு பத்திரிகைத் தாளில் பொறுக்கி எடுத்தார். விலையைக் கொடுத்துவிட்டோம்; வெட்கம் மட்டும் தீரவில்லை.

ஊர் திரும்பியபின், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கல்யாண வீட்டுக்கும் சாவீட்டுக்கும் நெடுங்காலமாகப் பந்தலிட்டு வரும் பெரியவர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். அவர் சிரித்தார். "மாஸ்டர், நீங்க வண்டியத் தூணாக்கிட்டீங்க. பாரத்த நிலம் தாங்கணும். வண்டி ஓரத்துல படங்கு ஒட்டிக்கிட்டு நின்னாப் போதும்" என்றார். பௌதிகப் பாடம் முழுவதும் அந்தச் சொற்களில் அடங்கியிருந்தது.

காற்றின் கணக்கு

தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகின்றது. கச்சான் என்று நாம் அழைக்கும் காற்று இதுவே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவதும் இவ்வறட்சியேயாகும். ஆடி விழாவும் அதே காலத்தில் வருகின்றது.

மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை நேரே எதிர்க்கும் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். பத்தடிக்கு எட்டடிப் படங்கின் பரப்பு ஏறத்தாழ ஏழரைச் சதுர மீற்றர். அது முழுவதும் காற்றை எதிர்த்து நின்றால் 45 கிலோ! காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதாவது 180 கிலோ. பாவம், பக்கக் கண்ணாடி என்ன செய்யும்?

நீரின் கணக்கும் உண்டு. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்திற்கு மழைநீர் தேங்கினால் அதன் எடை 10 கிலோ. ஆதலின் பந்தல் தட்டையாக இருத்தலாகாது. வண்டிப் பக்கத்தைவிட வெளிப்பக்கம் இரண்டடியேனும் தாழ்ந்திருக்க வேண்டும். அதிலும் ஒரு மூலை சற்றுக் கூடுதலாகத் தாழ்ந்தால் நீர் அவ்வழியே ஓடிவிடும்.

கட்டும் முறை

பெரியவர் காட்டிய வழி இது. நான்கு மூங்கிற் கம்புகள் வேண்டும். இரண்டை வண்டியின் அருகில், அதனைத் தொடாமல் நிறுத்துக; இரண்டை வெளியே நிறுத்துக. ஒவ்வொரு கம்பின் தலையிலிருந்தும் இரண்டு கயிறுகளை வெவ்வேறு திசையில் இழுத்து முளையிற் கட்டுக. முளையின் தலை பந்தலுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மண் இறுகி முளை இறங்காவிடின், 20 லீற்றர் நீர் நிறைந்த கலன்களிற் கட்டலாம். மெல்லிய காற்றுக்கு அது போதும்.

படங்கின் மூலைத் துளை கிழிந்திருந்தால் கவலை வேண்டா. ஒரு கொட்டைப்பாக்கை அம்மூலையில் வைத்து, துணியோடு சேர்த்துச் சுற்றி, அதன் கழுத்திற் கயிற்றை இறுக்குக. துளையின்றியே பிடி கிடைக்கும்.

இனி, வண்டிக்கும் பந்தலுக்கும் உள்ள இடைவெளி. பல வான்களின் கூரையோரத்தில் மழைநீர் வடிய ஒரு விளிம்பு இருக்கும். படங்கின் ஓரத்தை அதன்மேல் ஒரு சாண் படியவிட்டு, ரப்பர் சுற்றிய கொளுக்கியால் விளிம்பில் மாட்டி, மெல்லிய சணல் நூலாற் கட்டுக. விளிம்பு இல்லாவிடின், கூரையின் குறுக்கே கயிற்றைக் கொண்டுசென்று எதிர்ப்புறச் சக்கரத்தின் துளையிற் கட்டலாம். கயிறு உராயும் இடங்களில் பழந்துணி வைத்தால் வண்ணம் கெடாது. கயிறு கட்டியிருப்பதை நினைவூட்ட, சாரதியின் கைச்சக்கரத்தில் ஒரு துணியைத் தொங்கவிடுதல் நன்று.

நிலப்பக்கத்தில் தடித்த கயிறு, வண்டிப்பக்கத்தில் மெல்லிய நூல் என்பதே இதன் உட்பொருள். காற்று மிஞ்சினால் முதலில் அறுவது நூலாக இருக்கட்டும்.

கடைகளில் விற்கும் உறிஞ்சு கிண்ணங்களைப் பற்றி மாணவர் கேட்பர். ஆறு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தைக் காற்றமுக்கம் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 29 கிலோ விசையோடு அழுத்தும் என்பது ஏட்டுக் கணக்கு. தூசி படிந்தால் காற்றுப் புகும். வெயிலில் ரப்பர் இளகும். மலையேறினால் அமுக்கமும் குறையும். காந்தமோ, நாரிழைக் கூரையிற் பற்றாது. தகட்டிலும் பக்கவாட்டில் இழுத்தால் எளிதில் வழுக்கும். இவை துணைக்கு உதவும்; நம்பி இருத்தல் இயலாது.

இரண்டு எச்சரிக்கைகள். பந்தலின் கீழ் அடுப்பு மூட்டுதலும், ஆட்கள் அமர்ந்திருக்க இயந்திரத்தை ஓடவிடுதலும் கூடா. மலைநாட்டில் மழைக்காலத்தில் வெட்டிய மண்மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தவே கூடாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய காலைப்பொழுதை நாம் மறத்தல் ஆகாது.

அடுத்த யாத்திரை

அடுத்த ஆடியில் அதே சாரதியோடு, அதே வண்டியிற் சென்றோம். புதிய கண்ணாடியைப் பார்த்ததும் நமக்குச் சிறிது கூச்சம். இம்முறை பெரியவர் சொன்னபடியே கட்டினோம். பிற்பகலிற் காற்று எழுந்தது. 'டப்' என்று சணல் நூல் அறுந்தது. படங்கின் ஓரம் இரண்டு முறை அடித்துக்கொண்டது. பந்தல் தன் கால்களில் நின்றது. அம்மா துயில் கலையாமல் நாற்காலியிற் சாய்ந்திருந்தார். சாரதி கண்ணாடியை ஒரு முறை தடவிப் பார்த்து, நம்மை நோக்கிச் சிரித்தார்.

சுவரிற் கைவைக்காமற் பந்தலிடும் இவ்வித்தை பெரியவருக்கு எவ்வாறு கைவந்தது என்று பின்னர் கேட்டோம். "லயத்துச் சுவரு தோட்டத்தோடது, மாஸ்டர். எங்கப்பா காலத்துல ஆணியடிச்சாக் கேள்வி வரும். இஸ்தோப்புக்கு முன்னால நாலு கம்பு நட்டுத்தான் என் கல்யாணமும் நடந்துச்சு" என்றார்.

இரவல் வண்டிக்கு நோகாமல் நிழல் கட்டுவது நற்பண்பு. மாணவர் இதனைக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் வாழ்நாள் முழுவதும் இரவல் சுவரருகே வாழ்வதை எவருக்கும் பண்பென்று சொல்லிக்கொடுத்தல் ஆகாது. அப்பெரியவரின் பேரப்பிள்ளைகள் தம் சொந்தச் சுவரில், எவரையும் கேளாமல், ஓர் ஆணி அடித்துத் தாத்தாவின் படத்தை மாட்டும் நாள் விரைவில் வரவேண்டும் என்பதே நமது வேண்டுதல்.