டிஏசி, ப்ரீஆம்ப்: ஹை-ஃபை செட்டுக்கு இரண்டும் தேவையா?

வீட்டில் ஒரு நல்ல ஸ்டீரியோ செட் வைக்கலாம் என்று ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் பார்க்கப் போனால், கடைக்காரர் இன்னும் இரண்டு பெட்டிகளைக் காட்டுவார். ஒன்று டிஏசி, 'டேக்' என்றும் சொல்வார்கள். இன்னொன்று ப்ரீஆம்ப். "இது ரெண்டும் இருந்தாத்தான் சார் முழு சவுண்டு வரும்" என்ற பேச்சும் கூடவே வரும்.

உண்மையில், பலர் வீட்டில் இந்த இரண்டுமே வேறு பெட்டிகளுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. எது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், கணிசமான பணத்தை மிச்சப்படுத்தலாம்.

டிஏசி என்ன செய்கிறது?

போனிலும் லேப்டாப்பிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு எண் புரியாது. ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் வேண்டும். எண்களை அப்படி மாற்றித் தருவதே டிஏசி.

டிஜிட்டல் பாட்டை ஒலிக்கச் செய்யும் எல்லா கருவியிலும் இது உண்டு. டிவியின் ஹெட்போன் ஜாக்குக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. ப்ளூடூத் ஸ்பீக்கருக்குள் ஒன்று இருக்கிறது. 2016-ல் ஐபோன் 7 ஹெட்போன் ஜாக் இல்லாமல் வந்தபோது, ஆப்பிள் கூடவே கொடுத்த குட்டி வயருக்குள் இருந்ததும் ஒரு டிஏசிதான்.

அப்புறம் தனியாக எதற்கு? லேப்டாப்புக்குள் ப்ராசஸர், ஃபேன் எல்லாம் நெருக்கமாக ஓடுகின்றன. அந்த மின் இரைச்சல் பாட்டிலும் கலக்கலாம். மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று கேட்கிறதா? வெளியே வைக்கும் யூஎஸ்பி டிஏசி பெரும்பாலும் இதைச் சரிசெய்யும். அப்படி எதுவும் கேட்கவில்லை என்றால் அவசரமே இல்லை.

பெட்டியில் இருக்கும் எண்களை நம்பலாமா?

'32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 1982-ல் விற்பனைக்கு வந்த சிடி, ஒரு நொடி இசையை 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் பதிந்தது. மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பதிய, இரு மடங்குக்குச் சற்று அதிகமான வேகம் போதும். 16 பிட் என்றால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். வீட்டு ஹாலில் ஃபேன் ஓடும்போது கேட்பதற்கு இதுவே தாராளம்.

ப்ளூடூத்தையும் கவனிக்கணும். சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை. எல்டேக் என்ற உயர்தர ப்ளூடூத் முறையின் உச்சமே 990 கிலோபிட். அதனால் பாட்டு சுருக்கப்பட்டுத்தான் போகும். முழுத் தரம் வேண்டுமென்றால் யூஎஸ்பி வயரோ வைஃபையோ நல்லது.

சரி, ப்ரீஆம்ப் எதற்கு?

ப்ரீஆம்புக்கு மூன்று வேலை: எந்தக் கருவியின் பாட்டு என்று தேர்ந்தெடுப்பது, வால்யூமைக் கூட்டிக் குறைப்பது, பலவீனமான சிக்னலைப் பெரிதாக்குவது.

மூன்றாவது வேலை இன்று பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மேஜையில் வைக்கும் டிஏசி பொதுவாக 2 வோல்ட் வரை தரும். பல பவர் ஆம்ப்கள் முழு சக்தியை எட்ட 1 முதல் 2 வோல்ட் போதும்.

விதிவிலக்கு, ரெக்கார்டு பிளேயர். அதன் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ரெக்கார்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டியிருப்பார்கள். அதை மறுபடி நேராக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்யும் ஃபோனோ ஸ்டேஜ் இல்லாமல் ரெக்கார்டு சரியாகப் பாடாது.

யாருக்கு எது?

• இன்டகிரேட்டட் ஆம்ப் வைத்திருப்பவர்கள்: ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று வாங்கினால் வால்யூம் திருகுதான் இரண்டாகும். யூஎஸ்பி அல்லது ஆப்டிகல் இன்புட் இருந்தால் டிஏசியும் உள்ளேயே இருக்கிறது.

• பவர் ஆம்ப் அல்லது ஆம்ப் உள்ளடங்கிய ஸ்பீக்கர் வைத்து, லேப்டாப், டிவி மட்டும் இணைப்பவர்கள்: வால்யூம் கன்ட்ரோல் உள்ள ஒரு டிஏசி போதும்.

• ரெக்கார்டு பிளேயரும் டிஜிட்டலும் சேர்த்துக் கேட்பவர்கள்: ஃபோனோ இன்புட் உள்ள ப்ரீஆம்ப் அல்லது இன்டகிரேட்டட் ஆம்ப்.

இதில் உஷார்!

டிஏசியை நேராகப் பவர் ஆம்பில் இணைப்பவர்கள், அதன் அவுட்புட் 'வேரியபிள்' முறையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். 'ஃபிக்ஸட்' முறையில் இருந்தால் முதல் பாட்டே முழுச் சத்தத்தில் வெடிக்கும். ஸ்பீக்கரும் போகலாம், காதும் பாதிக்கப்படலாம். வால்யூமை அடியில் வைத்துத் தொடங்குங்கள். பவர் ஆம்பைக் கடைசியாக ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்யுங்கள்.

எல்லாம் இணைத்த பிறகு 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்டால், இரண்டு கருவிகளின் எர்த் இணைப்பு ஒரு வளையமாகியிருக்கலாம். அதற்காக மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடாதீர்கள். ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். டிவி இணைப்பு என்றால் ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது.

வாங்கும் முன்...

கடையில் இரண்டு டிஏசிகளை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். கொஞ்சம் சத்தம் கூடினாலே 'இதுதான் நல்லா இருக்கு' என்று தோன்றிவிடும். சமமாக வைத்த பிறகும் வித்தியாசம் தெரியவில்லையா? விலை குறைந்ததை வாங்குங்கள். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், ஹாலுக்குக் கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் வாங்குங்கள். அந்த வித்தியாசம் நிச்சயம் காதில் விழும்.