கால்நடை நோயறிய மாதிரி எடுப்பதும் அனுப்புவதும்

மண் பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது வரப்போரத்திலும், எருக்குவியல் இருந்த இடத்திலும், மரத்தடியிலும் எடுக்கக்கூடாது என்பதை உழவர்கள் இன்று நன்கு அறிவார்கள். ஆனால் மாட்டின் சாணத்தையோ பாலையோ ஆய்வுக்கு அனுப்பும்போது அந்தக் கவனம் இருப்பதில்லை. தொழுவத் தரையில் காய்ந்து கிடந்த சாணம், ஊசி போட்ட மறுநாள் கறந்த பால், எந்த மாட்டினுடையது என்று எழுதப்படாத புட்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டு எவராலும் நோயைக் கண்டுபிடித்துச் சொல்ல இயலாது. பயிர்ப் பாடம் நடத்துபவன் மாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். திருவண்ணாமலை வட்டாரத்து மானாவாரி நிலத்தில் மணிலாவைப் போட்டுவிட்டு மழையை எதிர்பார்க்கும் குடும்பத்திற்கு, கறவை மாடும் நாலு வெள்ளாடும்தானே அன்றாடச் செலவுக்குக் கை கொடுக்கின்றன!

திடீரென இறந்த கால்நடை

முதலில், எந்த மாதிரியை நீங்கள் எடுக்கவே கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாலையில் நன்றாக மேய்ந்த மாடோ ஆடோ காலையில் இறந்து கிடக்கிறது. வயிறு விரைவில் உப்புகிறது. மூக்கு, வாய், ஆசனவாய் வழியே கருமையான, உறையாத இரத்தம் கசிகிறது. இது அடைப்பான் நோயாக இருக்கலாம். ஆடுகளில் இந்த அறிகுறிகள் தெரியாமலும் போவதுண்டு. 1989 வரை திருவண்ணாமலையையும் உள்ளடக்கியிருந்த பழைய வட ஆர்க்காட்டுப் பகுதிக்கு இது புதிய நோய் அன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மனிதரிடம் கண்ட அடைப்பான் நோயைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

இப்படி இறந்த கால்நடையின்மீது கத்தி படக்கூடாது. அறுக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் கிருமிகள் காற்றில்லாமல் உடல் அழுகும்போது சில நாட்களில் மடிந்துவிடும். அறுத்துவிட்டாலோ, இரத்தத்தோடு வெளிவந்த கிருமி காற்றுப் பட்டதும் தடித்த உறையுள்ள வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்த இடத்தில் மேயும் ஆட்டையும் மாட்டையும் அது எத்தனை ஆண்டு கழித்தும் தாக்கலாம். தோலை உரித்தவர், கறியை நறுக்கியவர் கையில் வலியில்லாத கொப்புளம் தோன்றி, நடுவில் கறுத்த பொருக்குக் கட்டும். உடனே மருத்துவமனைக்குச் சென்றால் குணமாகும், அசட்டை செய்தால் உயிருக்கே ஆபத்து. செத்த ஆட்டின் கறி வீணாகிறதே என்ற எண்ணத்தால் நேரும் கேடு இது.

கால்நடை மருத்துவர் வந்து காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிக்கொள்வார். உடலைத் திறக்காமலே நோயை அறிய அந்த ஒரு சொட்டுப் போதும். சாயமேற்றிப் பார்த்தால் நீல நிறக் கோல் போன்ற கிருமியும் அதைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தெரியும். அவர் வரும்வரை நாய், காக்கை அண்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பிறகு உடலை, இரத்தம் பட்ட மண்ணோடு சேர்த்து, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கலாம். எரித்துவிடுவது இன்னும் நல்லது. மற்ற கால்நடைகளுக்கான தடுப்பூசி மருந்து, 1932-இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது.

சாணமும் பாலும்

சாணமும் பாலும் நீங்களே எடுத்துச் செல்லக்கூடியவை. சாணத்தைத் தரையிலிருந்து அள்ளாமல், கையுறை அணிந்து ஆசனவாயிலிருந்தே ஒரு எலுமிச்சம்பழ அளவு எடுங்கள். ஆட்டுக்கு ஏழெட்டுப் புழுக்கை போதும். மந்தையாயின், ஒரே ஆட்டினுடையது போதாது. இளைத்தது, தாடையின்கீழ் வீங்கியது, கழிவது எனச் சிலவற்றிலிருந்து தனித்தனியே எடுக்கவேண்டும். நமது வெயிலில் புழு முட்டைகள் ஒரே நாளில் பொரித்துவிடும். பிறகு முட்டை எண்ணிக்கை குறைவாகத் தெரியும். நோய் இல்லை என்ற தவறான முடிவுக்கு அது இடம் தரும். ஆகவே அன்றே சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் ஐஸ் வைத்த பெட்டியில் வையுங்கள்.

கூட அனுப்பும் விவரத்தாளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதில் 'ஏரி உள்வாயில் மேய்கிறது' என்ற ஒரு வரி இருந்தால் பரிசோதனை முறையே மாறும். உருண்டைப் புழுக்களின் முட்டையைக் காண, சாணத்தை உப்புக் கரைசலில் கலக்கி மேலே மிதப்பதைப் பார்ப்பார்கள். ஏரிக்கரை நத்தை வழியாகப் பரவும் தட்டைப்புழுவின் முட்டை கனமானது. அது மிதக்காது, அடியில் படியவைத்தே பார்க்கவேண்டும். வயது, சினை நிலை, நோய் கண்ட நாள், கொடுத்த மருந்து, போட்ட தடுப்பூசி, அக்கம்பக்கத்து மாடுகளின் நிலை ஆகியவற்றையும் எழுதுங்கள்.

மடிநோய்க்குப் பால் அனுப்புவதானால் மருந்து ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடவேண்டும். மருந்து ஏறிய பாலில் கிருமி வளராது. எந்த மருந்து கேட்கும் என்பதையும் அறிய முடியாது. மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். முதல் இரண்டு மூன்று பீச்சலை விட்டுவிட்டு, ஆய்வுக்கூடம் தரும் சுத்தமான குப்பியில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே பிடித்து ஐஸில் வைத்து அனுப்புங்கள்.

இரத்தம் எடுப்பது மருத்துவர் வேலை. கொண்டுபோவது நீங்களாயின், குப்பியைக் குலுக்காமலும், வெயில் படாமலும், ஐஸோடு நேராக ஒட்டி உறையாமலும் கொண்டு செல்லுங்கள். இரத்த அணுக்கள் உடைந்து நீர் சிவந்துவிட்டால் பல பரிசோதனைகள் பயன்படாமல் போகும்.

சந்தையில் வாங்கிய மாடு

கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் பல ஊர் மாடுகள் கலக்கின்றன. அங்கே பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். இரத்தத்தை யார் பார்க்கிறார்கள்? வாங்கிய மாட்டை மூன்று நான்கு வாரம் தனியே கட்டி, கன்று வீச்சு நோய்க்கு இரத்தம் பரிசோதித்த பின்பே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். கிடாரிக் கன்றாக இருந்தபோது இந்நோய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். சில வேளை அதுவும் நோய்போலவே காட்டும். கன்று வீசிய உடனே எடுத்த இரத்தத்தில் நோய் தெரியாமல் போகலாம் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள். வீசிய கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். இது மனிதருக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் தரும்.

இனி என் பாடத்தைச் சேர்ந்த ஒன்று. மழையின்றி வாடிய இளஞ்சோளத்தையோ மறுதாம்பையோ மேய்ந்த மாடு மூச்சுத் திணறி விழுந்தால், மாதிரிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். மாற்று மருந்து உண்டு. ஆனால் நேரம் மிகக் குறைவு. இறந்துவிட்டால், மருத்துவர் எடுத்துத் தரும் இரைப்பைத் தீனியைப் புட்டியின் வாய்வரை நிரப்பி இறுக மூடி, ஐஸில் வைத்து அன்றே அனுப்பவேண்டும். இந்த நச்சு ஆவியாகிப் பறந்துவிடும். மேய்ந்த சோளத்திலும் ஒரு பிடி, வயதைக் குறித்து, தனிப்பையில் வையுங்கள்.

இவற்றையெல்லாம் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சேர்த்தால், தேவைக்கேற்பத் துறையின் நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் திருவண்ணாமலையிலும் உள்ளது. மாட்டை நடத்திச் செல்ல முடியாத நிலையில் 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் மருத்துவ வண்டி வரும். முடிவுத் தாள் கைக்கு வந்ததும் மருத்துவரிடம் காட்டி மருந்தை மாற்றவேண்டுமா என்று கேளுங்கள். மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாணம் பார்த்தால், அந்தப் புழுமருந்து உங்கள் மந்தையில் இன்னும் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.