பாராட்டாக மாறிய பயம்

உங்கள் மேலாளர் 'டெரிஃபிக்' என்று பதில் போட்டிருந்தால் கவலை வேண்டாம், பாராட்டுதான். ஆனால் நீங்கள் குழம்பியதிலும் நியாயம் இருக்கிறது. 'டெரர்', 'டெரிபிள்' எல்லாம் இதன் உடன்பிறப்புகள். மூன்றுக்கும் லத்தீன் வேர் ஒன்றே; அச்சுறுத்துவது என்பதே அதன் பொருள்.

1667இல் வெளிவந்த மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் பாம்பின் பிடரிமயிருக்கு அடைமொழியாக இந்தச் சொல் வருகிறது. அங்கே அது நடுங்கவைக்கும் பிடரி. 1952இல் இ.பி. ஒயிட் எழுதிய 'சார்லட்ஸ் வெப்' கதைக்கு வாருங்கள். வில்பர் என்ற பன்றிக்குட்டியைக் கசாப்பிலிருந்து காப்பாற்ற, சார்லட் என்ற சிலந்தி தன் வலையில் இதே சொல்லைப் பின்னி வைக்கிறது. பார்க்கிறவர்கள் வில்பரைக் கொண்டாடுகிறார்கள்.

இடைப்பட்ட காலத்தில் சொல் மெல்லத் தேய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் முதலில் பயம் உதிர்ந்து 'மிகப் பெரிய, மிகக் கடுமையான' என்ற பொருள் தங்கியது. அந்த நூற்றாண்டின் கடைசியில் 'அபாரம்' வந்து சேர்ந்தது. நமக்கு இது புதிதா என்ன? "அவனுக்குப் பயங்கர மூளைடா" என்று சொல்லும்போது நாம் யாரும் பயப்படுவதில்லையே. 'டெரிபிள்' மட்டும் இந்தக் கரைக்கு வரவில்லை. 'டெரிஃபிக் ஐடியா' என்றால் அருமையான யோசனை. 'டெரிபிள் ஐடியா' என்றால் படுமோசம். அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் மனம் நொந்துபோவார்.

பழைய பொருளின் மிச்சமும் இன்னும் புழக்கத்தில் உண்டு. வேகம், சத்தம், புயல் ஆகியவற்றின் முன்னால் வந்தால் பெரும்பாலும் அளவைத்தான் சொல்கிறது. 'டெரிஃபிக் சத்தம்' என்றால் காதைப் பிளக்கும் சத்தம். அதில் பாராட்டு எதுவும் இல்லை.

இந்தச் சொல்லோடு 'வெரி' சேர்க்காதீர்கள், காதுக்கு ஒட்டாது. உச்சம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் 'அப்சல்யூட்லி டெரிஃபிக்' என்பார்கள்.

நேரில் ஒருவரைத் தட்டிக்கொடுக்கத் தாராளமாகச் சொல்லுங்கள்; முகம் மலரும். ஆனால் இது பேச்சுச் சொல். உங்களிடம் வேலை பார்த்த பெண்ணுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத உட்கார்ந்தால் இதை விட்டுவிடுங்கள். அவர் எந்த வேலையை எடுத்தார், எப்படி முடித்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள். அவருக்கு வேலை வாங்கித் தரப்போவது அந்த இரண்டு வரிதான்.