இதயத்தை எடையிடல்

இதயத்தை எடையிடல் என்பது, பண்டைய எகிப்தியரின் நம்பிக்கையின்படி, இறந்த ஒருவர் மறுவுலக வாழ்வுக்குத் தகுதியுடையவரா என்பதைத் தீர்மானிக்கும் நிகழ்வு ஆகும். இறந்தவரின் இதயம் தராசின் ஒரு தட்டிலும், உண்மையின் அடையாளமான தீக்கோழி இறகு மறு தட்டிலும் வைத்து நிறுக்கப்படும் என அவர்கள் நம்பினர். இந்நம்பிக்கை இறந்தோர் நூல் எனப்படும் மந்திரத் தொகுப்பின் 125 ஆவது அத்தியாயத்தில் விரிவாகக் காணப்படுகிறது.

இதயமும் மாத்தும்

எகிப்தியர் சிந்தனை, நினைவு, உணர்ச்சி ஆகிய அனைத்துக்கும் இருப்பிடம் இதயமே எனக் கருதினர். எனவே ஒருவர் வாழ்நாளில் செய்த செயல்கள் அனைத்தையும் அவரது இதயம் அறியும். உடலைப் பதப்படுத்தும்போது நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் ஆகியவை வெளியே எடுக்கப்பட்டுத் தனியே பாதுகாக்கப்பட்டன. இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைக்க முயன்றனர். மூளைக்கு இத்தகைய சிறப்பு அளிக்கப்படவில்லை.

மாத் என்னும் சொல் உண்மை, நீதி, உலக ஒழுங்கு ஆகிய பொருள்களை ஒருங்கே தருவது. இதே பெயருடைய பெண் தெய்வம் தலையில் இறகு சூடியவளாகக் காட்டப்படுகிறாள். தராசில் வைக்கப்படுவது இந்த இறகோ, மாத்தின் சிறு உருவமோ ஆகும். ஆகவே ஒருவரது வாழ்வு உலக ஒழுங்குடன் பொருந்தியிருந்ததா என்பதே அங்கு சோதிக்கப்படுகிறது.

தீர்ப்பு நடைபெறும் முறை

முதலாம் சேத்தி மன்னனின் காலத்தில் வாழ்ந்த அரச எழுத்தர் ஊனெபரின் பாப்பிரசு ஏடு, இக்காட்சியைத் தெளிவாகக் காட்டுகிறது. ஏறத்தாழ கி.மு. 1275 ஐச் சேர்ந்த இவ்வேடு பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இதில் உள்ள நிகழ்வுகளின் வரிசை பின்வருமாறு:

1. நரித்தலை கொண்ட அனுபிசு இறந்தவரைக் கைப்பிடித்துத் தராசின் அருகே அழைத்து வருகிறார்.
2. அனுபிசு தராசின் சமநிலையைச் சரிபார்க்கிறார்.
3. ஐபிசுப் பறவையின் தலையுடைய எழுத்துக் கடவுளான தோத் முடிவைப் பதிவு செய்கிறார்.
4. தேர்ச்சி பெற்றவரைப் பருந்துத்தலை கொண்ட ஓரசு, அரியணையில் வீற்றிருக்கும் ஒசிரிசிடம் அழைத்துச் செல்கிறார்.

தராசின் அருகில் அம்மிட் என்னும் விலங்கு காத்திருக்கும். இதற்கு முதலையின் தலையும், சிங்கத்தின் முன்னுடலும், நீர்யானையின் பின்னுடலும் உண்டு. பாவச் சுமையுடைய இதயத்தை இது விழுங்கிவிடும். இதயத்தை இழந்தவர் இரண்டாம் முறையாக இறக்கிறார். அதன்பின் அவருக்கு இருப்பே இல்லை. தகுதி பெற்றவரோ 'குரலில் உண்மையானவர்' எனப் பொருள்படும் மா கெரு என்னும் பட்டம் பெற்று, நாணல் வயல் எனப்படும் செழிப்பான மறுவுலகில் வாழ்வார்.

மறுப்பு அறிக்கை

தீர்ப்பு மண்டபத்தில் 42 தெய்வங்கள் அமர்ந்திருப்பர். இறந்தவர் ஒவ்வொரு தெய்வத்தையும் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொரு குற்றத்தைத் தாம் செய்யவில்லை எனக் கூறவேண்டும். இத்தெய்வங்களின் எண்ணிக்கையை எகிப்தின் 42 நிருவாகப் பிரிவுகளுடன் தொடர்புபடுத்துவதுண்டு.

கொலை, களவு, பொய் ஆகியவற்றுடன் அன்றாட வாழ்வைச் சார்ந்த குற்றங்களும் இவ்வத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளன. எடையில் ஏமாற்றுதல், குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்தல், பிறரை அழச் செய்தல், ஓடும் நீரைத் தடுத்தல் என்பன அவற்றுட் சில. நைல் ஆற்றின் வெள்ளத்தை நம்பி வாழ்ந்த வேளாண் சமுதாயத்தில், நீரைத் தடுப்பது அயலாரின் உணவைப் பறிப்பதற்கு ஒப்பானது.

வரலாற்று வளர்ச்சி

சக்காராவில் உள்ள ஊனாசு மன்னனின் பிரமிடுச் சுவர்களில், கி.மு. 24 ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட மந்திரங்களே இன்று கிடைக்கும் மிகப் பழைய பிரமிடு வாசகங்கள். இவை பெரிதும் மன்னன் வானுலகை அடைவதைப் பற்றியவை. பின்னர் உயர்குடியினரின் சவப்பெட்டிகளிலும் மந்திரங்கள் எழுதப்பட்டன. புதிய இராச்சிய காலத்தில் இவை பாப்பிரசுச் சுருள்களில் எழுதப்பட்டு இறந்தோர் நூலாக உருப்பெற்றன. 'பகலில் வெளிவருதல்' என்பதே எகிப்தியர் இதற்கு இட்ட பெயரின் பொருள். இன்று வழங்கும் அத்தியாய எண்கள், செருமானிய அறிஞர் கார்ல் இரிச்சர்டு லெப்சியசு 1842 இல் வெளியிட்ட பதிப்பை அடிப்படையாகக் கொண்டவை.

ஒழுக்கமும் மந்திரமும்

இத்தீர்ப்பு முற்றிலும் ஒழுக்கத்தைச் சார்ந்ததன்று. 30 ஆவது அத்தியாயத்தின் ஒரு வடிவம், தனக்கு எதிராகச் சாட்சி சொல்லவேண்டாம் என இறந்தவர் தமது சொந்த இதயத்தையே வேண்டுவதாக அமைந்துள்ளது. வண்டு வடிவக் கற்களில் இம்மந்திரத்தைப் பொறித்து மார்பின் மீது வைத்தனர். நீதிமன்றத்தில் அஞ்சவேண்டிய சாட்சி தம் உள்ளமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்; அதன் வாயை அடைக்கவும் முயன்றனர்.

சுருள்கள் விலைக்கு வாங்கப்பட்டன. சிலவற்றில் பெயருக்கான இடம் காலியாக விடப்பட்டு, வாங்குபவரின் பெயர் பின்னர் எழுதப்பட்டது. குற்றமற்றவர் என்னும் அறிக்கை, அதை உரைக்க வேண்டியவர் யாரெனத் தெரியும் முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. இச்சுருள்களில் வரும் தீர்ப்பு எப்போதும் உரியவருக்குச் சாதகமாகவே இருப்பதில் வியப்பில்லை.

எனினும் மந்திரம் மட்டும் போதும் என எகிப்தியர் அனைவரும் கருதினர் எனக் கொள்ளமுடியாது. மெரிகாரே மன்னனுக்கான அறிவுரை நூல், இறந்தவரின் செயல்கள் அவரருகே குவித்து வைக்கப்படும் என எச்சரிக்கிறது. தீயவன் படைக்கும் காளையைவிட நல்லவனின் பண்பே ஏற்கத்தக்கது என்றும் கூறுகிறது.

உரோமர் ஆட்சிக்கால ஏடொன்றில் உள்ள செத்னாவின் கதை இதனினும் வெளிப்படையானது. ஆடம்பரமாக அடக்கம் செய்யப்படும் செல்வனையும், பாயில் சுற்றி எடுத்துச் செல்லப்படும் ஏழையையும் காணும் செத்னா, செல்வனின் முடிவே சிறந்தது என எண்ணுகிறான். அவன் மகன் அவனை மறுவுலகுக்கு அழைத்துச் செல்கிறான். அங்கு அந்த ஏழை, செல்வனுக்குரிய மெல்லிய ஆடையை அணிந்து ஒசிரிசின் அருகில் நிற்கிறான். செல்வனின் வலக் கண்ணிலோ மண்டபக் கதவின் சுழல்முனை பொருத்தப்பட்டுள்ளது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் அவன் அலறுகிறான்.