பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு ஒரு டாக்டர்

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் விடிகாலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பட்டாளத்துக்காரர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். வயது எழுபது ஆனாலும் முதுகு வளையாது. சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாது. அவர் சம்சாரத்தைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதற்குள் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் காகிதம், ஆஸ்பத்திரி கார்டு, ரத்தம் சோதித்த சீட்டுகள், சுருட்டி வைத்த பழைய எக்ஸ்ரே. இரண்டு பேரும் பாலிகிளினிக்குக்குப் போகிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியப்பாவும் இப்படித்தான். சொந்தம் ஒன்றும் கிடையாது, தெருவே அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும். ஹவில்தாராக இருந்து வந்தவர். சர்க்கரை வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாதா மாதம் தனியாகப் போவார். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "ஃபஸ்ட் கிளாஸ் சார்!" என்பார். மாத்திரையை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பி விடுவார். ஒரு தடவை பெரியம்மாவும் கூடப் போயிருந்தார். அன்றைக்கு இருந்தவர் புதிதாக வந்த டாக்டரம்மா. வழக்கம்போல "ஃபஸ்ட் கிளாஸ்" என்று பதில் வந்ததும் அந்தம்மா பெரியம்மா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றாராம். பெரியம்மா தயங்கித் தயங்கி, "ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கறாரு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாம நடந்து போறாருங்க" என்றிருக்கிறார்.

டாக்டரம்மா உடனே ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னார். கட்டைவிரலுக்கு அடியில் காலணா அகலத்துக்குப் புண். சீழ் பிடித்திருந்தது. பெரியப்பாவுக்கே அது தெரியாது! சர்க்கரையினால் காலில் உணர்ச்சி மரத்துப் போயிருந்தது. இன்னும் பதினைந்து நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார்களாம். அன்றிலிருந்து அந்தத் தம்பதி எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போகிறார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய ஆபரேஷன் என்று நாம் வாய் ஓயாமல் பேசுகிறோம். முதல் வாசலில் உட்கார்ந்திருக்கும் டாக்டரைப் பற்றி யார் பேசுகிறோம்? பட்டாளத்து வீடுகளில் அந்த முதல் வாசல்தான் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் என்று அதற்குப் பெயர். 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்துவிட்ட ஜவானுக்கு வைத்தியம் என்றால் ராணுவ ஆஸ்பத்திரிதான். நம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கிழவர் சென்னைக்கோ வெலிங்டனுக்கோ போய் வருவதென்பது நடக்கிற காரியமா? இப்போது நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த ஊர்களில் சேலத்தில் இருக்கிறது, வேலூரில் இருக்கிறது. வேலூரில் இல்லாமல் முடியுமா? வீட்டுக்கு வீடு சிப்பாய் இருக்கும் கம்மவான்பேட்டை அந்த மாவட்டத்தில்தானே இருக்கிறது! நேபாளத்திலுள்ள கூர்க்கா வீரர்களுக்காகக் காத்மாண்டு, போக்ரா, தரான் ஆகிய ஊர்களில்கூடத் திறந்திருக்கிறார்கள்.

ஓய்வு பெறும்போது ஒரே ஒரு தடவை பணம் கட்ட வேண்டும். சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய். நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000. ஆபீசர்களுக்கு 1,20,000. இது 2017 டிசம்பரில் வந்த கணக்கு. 1996 ஜனவரிக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களும் போரில் கணவனை இழந்தவர்களும் எதுவும் கட்ட வேண்டாம். அவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவிக்கும் உண்டு. சம்பாதிக்காத, கல்யாணமாகாத பிள்ளைக்கு 25 வயது வரை உண்டு. பெண்ணுக்குக் கல்யாணமாகும் வரை அல்லது வேலைக்குப் போகும் வரை உண்டு. வருமானம் வரம்புக்குள் இருந்தால் அவரை அண்டியிருக்கும் பெற்றோருக்கும் உண்டு. இதில் சேராமல் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படியே போதும் என்று இருப்பவர்களும் இருக்கிறார்கள். வயது ஏற ஏற அந்த ஆயிரம் எந்த மூலைக்கு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, அங்கே யார் தலைமை? பொறுப்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ராணுவ ஆபீசர். ஆள், கணக்கு, சாமான், கட்டடம் எல்லாம் அவர் பாடு. உடம்பு விஷயத்தில் தலைமை டாக்டருடையதுதான். பெரிய பாலிகிளினிக் என்றால் பொது மருத்துவ நிபுணரும் பெண்களுக்கான டாக்டரும் இருப்பார்கள். சின்ன இடத்தில் ஒன்றிரண்டு டாக்டர்கள், ஒரு பல் டாக்டர், நர்ஸ், மருந்து கொடுப்பவர், ரத்தம் சோதிப்பவர் என்று முடிந்துவிடும். இத்தனை பேரையும் ஒரு கைக்குள் கொண்டுவந்து, இன்னாருக்கு இன்ன சோதனை, இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், இவருக்கு இங்கேயே போதும் என்று தீர்மானிப்பவர் அந்த டாக்டர். அவர் எழுதித் தரும் சீட்டு இருந்தால்தான் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் பார்ப்பார்கள். அதனாலேயே நம்மவர்கள் அவரைச் சீட்டு எழுதும் குமாஸ்தா மாதிரி நினைத்துவிடுகிறார்கள். உள்ளே போனதும், "சார், சேலத்துக்கு ஒரு சீட்டு" என்று கேட்பது! டாக்டருக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். ஷூவைக் கழற்றிப் பார்க்க அவருக்கு நேரமும் மனசும் வர வேண்டாமா?

பட்டாளத்து உடம்புக்கு என்று சில வியாதிகள் உண்டு. பீரங்கிப் படையில் இருந்தவருக்குக் காது மந்தமாக இருக்கும். நாம் டி.வி.யை ஏன் இப்படி அலற வைக்கிறார் என்று கோபித்துக்கொள்வோம். மூட்டை சுமந்து ஓடி ஓடி முழங்கால் தேய்ந்திருக்கும், இடுப்பு பிடித்திருக்கும். இதையெல்லாம் டாக்டர் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொல்லாத ஒன்று இருக்கிறது. ராத்திரி திடுக்கிட்டு எழுந்து உட்காருவது, தீபாவளிச் சத்தத்தில் முகம் வெளிறிப் போவது, காரணமில்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது, கேன்டீன் பாட்டிலைச் சாயங்காலம் ஆறு மணிக்கே எடுத்து வைப்பது. மூக்கின் கீழே நடந்தாலும் வீட்டுப் பெண்கள் வெளியே சொல்லமாட்டோம். மானம் போய்விடும் என்று பயம். சண்டையைப் பார்த்த மனசுக்கு வருகிற நோய் அது, அதற்கும் வைத்தியம் உண்டு என்று அந்த டாக்டர்தான் முதலில் சொல்ல வேண்டியவர். அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் பேசலாம், பைசா செலவில்லை.

நம் தர்மபுரி மண்ணுக்கென்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. அதை அறிந்த டாக்டர் அமைவது பாக்கியம். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல். சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறி, மூட்டும் முதுகும் கட்டை மாதிரி விறைத்துவிடும். 2013 மே மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. அதற்கு முன்னால் ஊர் திரும்பியவர்கள் எத்தனை வருஷம் போர் தண்ணீர் குடித்தார்களோ! அப்படி ஒருவர் வந்து முட்டி வலி என்றால், பட்டாளத்தில் ஓடியதால் வந்ததா, வயசா, தண்ணீரா என்று யோசித்துப் பார்க்கிற டாக்டர் வேண்டும். இன்னொன்று, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. தண்ணீர் சுண்டினால் இன்னும் அடர்த்தியாகும். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.

ராகிக் களியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ராகி 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்புக்கு ரொம்ப நல்லது. ஆனால் "ராகிதானே, சர்க்கரை ஏறாது" என்று பட்டாளத்துப் பசிக்கு மூன்று உருண்டை போட்டுக்கொண்டால் ஏறத்தான் செய்யும். ஒரு உருண்டை, கூடவே நிறையக் கீரைக் கடைசல் என்று வையுங்கள். சப்பாத்தி சாப்பிடுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே சீட்டாக எழுதித் தருகிற டாக்டருக்கு இது தெரியாது. தெரிய வைப்பது நம் பொறுப்பு.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பாலிகிளினிக் டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். ஒருவர் ஊரையும் ஆளையும் பழகி, பெரியப்பாவின் "ஃபஸ்ட் கிளாஸ்" எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்வதற்குள் ஒப்பந்தம் முடிந்து போய்விடுகிறார். அடுத்தவரிடம் மறுபடி அ, ஆவிலிருந்து கதை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கென்றே அரசாங்கம் தனி ஆஸ்பத்திரிகள் நடத்துகிறது. அங்கே 2010-லிருந்து ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சின்னக் குழு என்று பிரித்துவிட்டார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு உதவி நர்ஸ், ஒரு எழுத்தர். முழுநேர டாக்டர் ஒருவருக்குச் சுமார் 1,200 பேர். எப்போது போனாலும் அதே முகங்கள். அங்கேயும் காத்திருப்பு, குறைகள் எல்லாம் உண்டுதான். ஆனாலும் இந்த "அதே முகம்" இருக்கிறதே, அதை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராணுவ மருத்துவத்தில் இப்போது பெண்கள் உச்சிக்கே போயிருக்கிறார்கள். திருப்பதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பத்மா பந்தோபாத்யாய் விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் ஆனார். சிறுமியாக இருந்தபோதே காசநோயில் படுத்த தாயாருக்குப் பணிவிடை செய்தவர் அவர். 2024 ஆகஸ்டில் சாதனா சக்சேனா நாயர் தரைப்படை மருத்துவத்துக்கும், அக்டோபரில் ஆர்த்தி சரின் முப்படை மருத்துவத்துக்கும் தலைவர்களாக வந்தார்கள். இரண்டு பதவியிலும் முதல் பெண்மணிகள். படிக்கும்போதே நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. கூடவே, எங்கோ ஒரு பாலிகிளினிக்கில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு உட்கார்ந்து, நாற்றமடிக்கும் சாக்ஸைத் தன் கையாலேயே கழற்றிப் பார்த்த அந்த டாக்டரம்மாவையும் நினைத்துக்கொள்கிறேன்.

போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் தூங்கிய நேரம், சாப்பிட்டது, வலி என்று முனகிய நாள் எல்லாம் குறித்து வையுங்கள். டாக்டர் மாறினாலும் நோட்டு மாறாது அல்லவா? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகச் சோதனை, கண் சோதனை எப்போது செய்தது என்ற தேதிகளும் அதிலேயே இருக்கட்டும். அப்படியே உங்களையும் காட்டிக்கொள்ளுங்கள். கார்டு உங்களுக்கும் சேர்த்துத்தான். அவருக்குப் பின்னாலும் அந்த உரிமை உங்களுக்கு உண்டு. முப்பது தாண்டியவர்கள் மார்பகப் புற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்று இரண்டுக்கும் சோதனை செய்துகொள்ள வேண்டும். அங்கே பெண் டாக்டர் இல்லாவிட்டால் நம் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம்.

அவசரம் என்றால் சீட்டுக்காக அலைய வேண்டாம். நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து என்றால் கிட்டே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். திட்டத்தில் சேராத ஆஸ்பத்திரியாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பிறகு அரசு விகிதப்படி பணம் கேட்க முடியும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நகையை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். போன் நம்பரை அடுப்படிக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். கார்டு, முகவரி சம்பந்தமான சந்தேகம் என்றால் தர்மபுரியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பெரியப்பாவின் புண் ஆறிவிட்டது. இப்போது தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறார். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்து, விரல் இடுக்கு முதல் குதிகால் வரை பார்க்கிறார். போன வாரம் நான் போயிருந்தபோதும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. "பார்த்தியாம்மா, சர்வீஸ்ல கூட எனக்கு இப்படி இன்ஸ்பெக்ஷன் நடந்ததில்லை" என்றார் பெரியப்பா. "பேசாம அந்தக் காலைக் காட்டுங்க" என்றார் பெரியம்மா.