ஊஞ்சலும் அடுப்பங்கரையும்

சென்ற வாரம் நம் நண்பர் ஒருவர் வந்தார். வந்ததும் வராததுமாக, "இனி என்னால் முடியாது, ஐயா! ரிஷிகேசத்துக்குப் புறப்பட்டுவிடப் போகிறேன்" என்றார். ஏதோ பெரிய விபரீதம் நேர்ந்துவிட்டதென்று நாம் பதறிப் போனோம். விசாரித்ததில் விஷயம் இவ்வளவுதான்: காலையில் காப்பி தாமதம், பெரிய பையன் பேனாவைத் தொலைத்துவிட்டான், சின்னக் குழந்தை பத்திரிகையைக் கிழித்துவிட்டது, இட்டிலிக்கு மாவரைப்பது பற்றித் தாயாருக்கும் மனைவிக்கும் ஒரு சிறு விவாதம். "வீட்டிலே மனச் சாந்தி என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது" என்று முடித்தார்.

நாம் அவரை ஊஞ்சலில் உட்கார வைத்துக் காப்பி வரவழைத்தோம். அந்தக் காப்பி எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

சாந்தி வேண்டுமானால் சம்சாரத்தை விட்டு ஓடவேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. ஆனால் திருக்குறளை எடுத்துப் பாருங்கள். பாயிரம் நான்கு அதிகாரங்களோடு முடிந்ததும், ஐந்தாவது அதிகாரமே 'இல்வாழ்க்கை'. பரிமேலழகர் உரை வழி வந்த வரிசைப்படி இல்லறத்துக்கு 20 அதிகாரங்கள். அதற்குப் பிறகுதான் துறவறம், அதற்கு 13. இல்லறப் பகுதியின் தலைப்புகளில் சில: அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல், பொறையுடைமை, புறங்கூறாமை. இவற்றை ஒருவன் மலைக்குகையில் தனியே உட்கார்ந்து பழக முடியுமா? குகையில் விருந்தாளி ஏது? கோபமூட்ட ஆள் இல்லாத இடத்தில் பொறுமைக்குத்தான் என்ன வேலை? பேனாவைத் தொலைக்கப் பையன் ஒருவன் இருக்கும் இடத்திலல்லவா அதற்கு வேலை!

காந்தியடிகள்கூட இந்தப் பாடத்தைத் தம் வீட்டிலேதான் கற்றார். 1898-ஆம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில் வக்கீலாக இருந்தார். குமாஸ்தாக்கள் சிலர் அவர் வீட்டிலேயே வசித்து வந்தனர். அறைகளில் வைத்திருந்த சிறுநீர்ச் சட்டிகளைக் கணவனும் மனைவியுமே சுத்தம் செய்வார்கள். பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவ குமாஸ்தா ஒருவர் வந்தபோது, அவருடைய சட்டியை எடுக்கக் கஸ்தூரிபா அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணீருடன் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். காந்தியடிகளுக்கு அது போதவில்லை. மலர்ந்த முகத்துடன் செய்யவேண்டும் என்றார். வார்த்தை தடித்தது. அம்மையாரின் கையைப் பிடித்து வாசற் கதவு வரையில் இழுத்துச் சென்று, வெளியே தள்ளவும் முற்பட்டார். பெற்றோரும் உற்றாரும் இல்லாத அந்நிய தேசத்தில் தாம் எங்கே போவது, உமக்கு வெட்கமில்லையா என்று அம்மையார் அழுதுகொண்டே கேட்டார். காந்தியடிகள் நாணித் தலைகுனிந்து கதவைச் சாத்தினார்.

மனிதருக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்ற அவருடைய கொள்கை நியாயமானதுதான். அதை வற்புறுத்திய விதத்திலேதான் அன்பு இல்லை. இந்த நிகழ்ச்சியை அவரே 'சத்திய சோதனை'யில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அகிம்சைப் பாடத்தைத் தம் மனைவியிடமிருந்தே கற்றதாகவும் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1944 பிப்ரவரி 22-ஆம் தேதி, பூனா ஆகாகான் மாளிகைக் காவலில், அம்மையார் உயிர் நீத்தது கணவரின் மடியிலேதான்.

இவ்வளவையும் நாம் விஸ்தாரமாக எடுத்துச் சொல்லி முடித்தோம். நண்பர் ஊஞ்சலை மெல்ல ஆட்டியபடி, "உம்முடைய வீடு எவ்வளவு அமைதியாயிருக்கிறது!" என்று பெருமூச்சு விட்டார். நமக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில் அடுப்பங்கரையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

நம் மனைவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலோடு எழுந்திருந்துதான் காப்பி போட்டிருக்கிறாள். கஸ்தூரிபா அம்மையாரின் கண்ணீரைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த நமக்கு, உள்ளேயிருந்த இருமல் அதுவரையில் காதில் விழவில்லை. கூடத்தில் நிலவிய சாந்தி அத்தனையும் அடுப்பங்கரையிலிருந்து வாங்கிய கடன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. வீட்டில் ஒருவர் மட்டும் அனுபவிக்கும் அமைதிக்குச் சாந்தி என்று பெயரல்ல. சௌகரியம் என்று பெயர்.

மறுநாள் முதல் காலைக் காப்பி நம்முடைய பொறுப்பாயிற்று. முதல் நாள் டிகாக்ஷன் இறங்கவே இல்லை. பொடியை அளவுக்கு மீறி அமுக்கிவிட்டோமாம்! குழந்தைகள் செய்த பரிகாசத்தை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் அது சொட்டுச் சொட்டாக இறங்கும் வரையில் காத்திருந்தோமே, அந்த அரை மணி நேரத்தில் ஒரு காரியம் நடந்தது. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாக, தன் தாயாரைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றாள். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "நீங்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தீர்கள்" என்றாள்.

அடுத்த வாரம் அவள் ஊருக்குப் புறப்படுகிறாள். பத்து நாள் சமையல் நம்முடையது. வீட்டில் கூச்சலுக்கும் குழப்பத்திற்கும் குறைவிருக்காது என்பது நிச்சயம். ஆயினும் இத்தனை நிம்மதியை நாம் அறிந்து வெகு நாளாயிற்று.

ரிஷிகேசத்து நண்பருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டோம்: "மூட்டை கட்டுவதற்கு முன் ஒரே ஒரு நாள் நீரே மாவரைத்துப் பாரும்." பதில் இன்னும் வரவில்லை. அரைத்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புவோமாக!