முதுமையின் மேல் மட்டும் பழியா?

வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர், "உடம்பு ஓய்ந்து போகிறது, தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை, சித்திரை மாதத்திலும் குளிர்கிறது" என்று சொன்னால், நாம் சொல்லும் பதில் என்ன? "வயதாகிவிட்டதல்லவா? அப்படித்தான் இருக்கும்!" என்கிறோம். இதைப்போல் சுலபமான சமாதானம் உலகத்தில் வேறு கிடையாது. வைத்தியர் வேண்டியதில்லை, மருந்து வேண்டியதில்லை, காலணாச் செலவும் இல்லை. ஆனால் அந்தச் சமாதானம் எப்போதும் உண்மைதானா?

அமெரிக்காவில் ஒரு நதிக்கரையில் மூப்படைந்த ஜனங்களின் வரலாறு, இந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்யக்கூடாது என்று எச்சரிக்கிறது.

ஹட்ஸன் நதிக்கரையில்

நியூயார்க் நகரத்தின் அருகே சமுத்திரத்தில் கலப்பது ஹட்ஸன் நதி. அதன் மேற்பகுதியில் ஹட்ஸன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்டு என்று இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் மின்சாரச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலைகளை நடத்தினார்கள். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் 'கபாஸிட்டர்' என்னும் கருவிகளில் நிரப்புவதற்காக, பி.ஸி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு ரஸாயனத் திரவம் அங்கே உபயோகமாயிற்று.

எண்ணெய் போன்ற அந்தத் திரவத்தின் பெருமையை என்னவென்று சொல்வது! எளிதில் தீப்பற்றாது. எவ்வளவு காலம் சூட்டில் கிடந்தாலும் குணம் மாறாது. 1929-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வியாபாரத்துக்காக அதைத் தயாரித்தார்கள். மின்சார யந்திரங்களுக்கு அதைவிட உத்தமமான எண்ணெய் இல்லையென்று கொண்டாடினார்கள். ஆனால் யந்திரத்துக்குள் எது குணமாக இருந்ததோ, அதுவே வெளியே வந்ததும் தோஷமாக முடிந்தது. கெடாத பொருள் மண்ணிலும் கெடவில்லை, நீரிலும் கெடவில்லை, மனித தேகத்துக்குள் புகுந்த பிறகும் எளிதில் கெடவில்லை.

1947 முதல் 1977 வரையில் முப்பது ஆண்டுகளில் அந்த நதியில் கலந்த பி.ஸி.பி. சுமார் 13 லட்சம் ராத்தல் வரையில் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1973-இல் ஃபோர்ட் எட்வர்டில் இருந்த பழைய அணையை அகற்றியபோது, அதன் பின்னால் தேங்கிக் கிடந்த நஞ்சு கலந்த வண்டல் நதியோடு கீழ்நோக்கிப் புறப்பட்டது. 1976-இல் மேல் ஹட்ஸனில் மீன் பிடிப்பதற்கே சர்க்கார் தடை விதித்தனர். 1979-இல் அமெரிக்கா முழுவதிலும் பி.ஸி.பி. தயாரிப்பது தடுக்கப்பட்டது. பின்னர், 2009 முதல் 2015 வரையில், நதியின் அடியிலிருந்து 27 லட்சம் கன கஜத்துக்கு மேல் வண்டலை வாரி எடுத்தார்கள்.

நதியை வாரலாம். நதிக்கரையில் வாழ்ந்தவர்களின் தேகத்தை எப்படி வாருவது?

கொழுப்பில் ஏறும் பற்று

எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியை வெறுந்தண்ணீரில் கழுவினால் என்ன பயன்? பிசுக்கு அப்படியே இருக்கும். பி.ஸி.பி.யும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். நீரில் அது கரைவதில்லை, கொழுப்பில் கரைகிறது. ஆகவே வியர்வையோடும் சிறுநீரோடும் அது எளிதில் வெளியேறுவதில்லை. வண்டலில் மேயும் சிறு பூச்சிகளிடமிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிடமிருந்து பெரிய மீனுக்கும், பெரிய மீனிடமிருந்து மனிதருக்கும் ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு பெருகுகிறது. மனித தேகத்தில் சேர்ந்த பி.ஸி.பி.யில் சில வகைகள் பாதியாகக் குறைவதற்கே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

வரவு தினந்தோறும் இருந்து, செலவு மிகக் குறைவாக இருந்தால், கணக்கில் இருப்பு வளரத்தானே செய்யும்? அதனால்தான் இளைஞர்களைவிட முதியவர்களின் தேகத்தில் இந்தப் பொருள்கள் பொதுவாக அதிகமாகக் காணப்படுகின்றன.

நியூயார்க் மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கத் துணிந்தார்கள். மேல் ஹட்ஸன் பிரதேசத்தில் 25 ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்தவர்களில், 55 முதல் 74 வயது வரையுள்ள 253 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஞாபக சக்தியையும் மனநிலையையும் பரீட்சித்தார்கள். அதன் முடிவு 2008-இல் வெளியாயிற்று. இரத்தத்தில் பி.ஸி.பி.யின் அளவு ஒரு பங்கிலிருந்து இரு பங்காகும்போது, சொற்களைக் கேட்டு நினைவில் வைக்கும் பரீட்சையின் மதிப்பெண் சுமார் 6 சதவிகிதம் குறைந்திருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் சுமார் 19 சதவிகிதம் அதிகமாயிருந்தன. 2014-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அதே பிரதேசத்து முதியவர்களின் தைராய்டு ஹார்மோன்களை எடுத்துக்கொண்டது. பி.ஸி.பி.க்கும், அதைப் போலவே தேகத்தில் தங்கும் வேறு சில ரஸாயனங்களுக்கும், அந்த ஹார்மோன்களுக்கும் தொடர்பு இருப்பது தென்பட்டது. அந்தத் தொடர்பு ஆண்களிடம் ஒரு விதமாகவும், பெண்களிடம் வேறு விதமாகவும் இருந்தது.

ஆள் மாறாட்டம்

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சியின் வடிவத்தில் அமைந்த சிறு சுரப்பி. உடம்பு என்னும் அடுப்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் ஹார்மோன்தான். அந்த ஹார்மோனை இரத்தத்தில் சுமந்து செல்வதற்குச் சில புரதங்கள் இருக்கின்றன. பி.ஸி.பி. தேகத்துக்குள் சிறிது மாறுதலடையும்போது, அதன் வடிவம் தைராய்டு ஹார்மோனை ஒத்து விடுகிறது. உரியவன் ஏற வேண்டிய வண்டியில் வேறொருவன் ஏறி உட்காருவது போல, அந்தப் புரதங்களில் ஒன்றில் அது இடம் பிடித்துக்கொள்கிறது. அன்றியும், கல்லீரலைத் தூண்டிவிட்டு, உண்மையான ஹார்மோனை விரைவில் வெளியேற்றும்படி செய்வதும் உண்டு என்பது மிருகங்களிடம் செய்த சோதனைகளில் தெளிவாயிருக்கிறது.

தைராய்டு சுரப்பு குறைந்தால் காணும் குறிகள் என்ன? சோர்வு, மறதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மனத்தளர்ச்சி. இவற்றில் எது முதுமையின் குறியல்ல? இங்கேதான் அபாயம் இருக்கிறது. வியாதி, முதுமையின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வீட்டிற்குள் வந்துவிடுகிறது. நாமும் அதை முதுமையென்றே நம்பி, திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம்.

இதனால், மூப்படைந்தவர்களின் தைராய்டுக் கோளாறு அனைத்துக்கும் ரஸாயனப் பொருள்தான் காரணம் என்று யாரும் கொள்ளலாகாது. தொடர்பு வேறு, காரணம் வேறு. அயோடின் குறைவு, சுரப்பியைத் தேகமே தாக்கும் வியாதி, சில மருந்துகள் ஆகியவையும் காரணங்களாகும். ஆனால் காரணம் எதுவாயினும், சாதாரண இரத்தப் பரீட்சை ஒன்றினால் கோளாறு தெரிந்துவிடும். சுரப்பு குறைந்திருப்பது உறுதியானால், வைத்தியர் கொடுக்கும் மாத்திரையினால் பெரும்பாலும் சீர்ப்படுத்தவும் கூடும். இவ்வளவு எளிதில் தீரக்கூடிய துன்பத்தை, "வயதாகிவிட்டது" என்ற இரண்டு சொற்களால் மூடிவிடுவது நியாயமா?

செய்யத் தக்கவை

"உடம்பிலுள்ள விஷமெல்லாம் ஒரே வாரத்தில் இறங்கிவிடும்" என்று மருந்து விற்பவர்களை நம்ப வேண்டாம். பி.ஸி.பி.யை விரைவில் கழுவித் தள்ளுவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. முதியவர்கள் பட்டினி கிடந்து வேகமாக மெலிவதும் நல்லதன்று. கொழுப்பு கரையும்போது அதில் தங்கியிருந்தது இரத்தத்தில் இறங்கும். மீன் நல்ல ஆகாரந்தான். ஆனால் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நீரில் பிடித்த மீனை விலக்க வேண்டும்.

தனி மனிதரால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. இந்தப் பொருள்களைத் தடுப்பதற்காக 2001-இல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 2006-இல் சேர்ந்தது. பி.ஸி.பி.யின் உபயோகம் 2025 டிசம்பர் 31-க்குள் முற்றிலும் நிற்க வேண்டும் என்று 2016-இல் இந்திய சர்க்கார் உத்தரவிட்டனர். உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது. பழைய டிரான்ஸ்பார்மர்களின் எண்ணெய் சாக்கடையிலும் வயலிலும் கொட்டப்படாமலும், திறந்த வெளியில் கொளுத்தப்படாமலும் காப்பது அதிகாரிகளின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது ஜனங்களின் கடமை. ஏனெனில், இன்று மண்ணில் கொட்டுவதற்கு நாளைக் கணக்குத் தீர்க்கப் போகிறவர்கள் நம் குழந்தைகள். அதுவும், அவர்கள் தாத்தா பாட்டிகளாகும் காலத்தில்!